பட்டப்பகலில் மின்னல் பிடிப்பவர்கள்

ஒரு மின்னல் படத்தை மனதுக்குள் கொண்டு வந்து பாருங்கள். கறுப்பு வானம், கீழே ஊரின் விளக்குகள், நடுவில் வேர் விட்டு இறங்கும் வெள்ளைக் கோடு. தினசரி காலண்டரில் ஆரம்பித்து பள்ளிக்கூட இயற்பியல் புத்தகம் வரைக்கும் இதே படம்தான். எல்லாமே ராத்திரி எடுத்தது. பகல் வெளிச்சத்தில், மரமெல்லாம் பச்சையாகத் தெரிய, எடுத்த மின்னல் படம் ஒன்றைத் தேடினால் அபூர்வமாகத்தான் சிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், நிலப்பரப்பில் மின்னல் உச்சத்தைத் தொடுவது ராத்திரியில் இல்லை. பிற்பகலில்! காலை முழுக்க வெயிலில் காய்ந்த தரை, மதியத்துக்கு மேல் சூட்டைக் காற்றோடு மேலே அனுப்ப, மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை மேகங்கள் கச்சேரி நடத்துகின்றன. அதாவது கூட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு, கூட்டம் குறைந்த பிறகு திறந்து வைத்த மாதிரிதான் மின்னல் புகைப்படக் கலை இத்தனை வருஷம் நடந்திருக்கிறது.

ஏன் இப்படி? "பகலில் மின்னல் தெரியாது" என்பதுதான் பொதுவாகக் கிடைக்கும் பதில். அது சரியில்லை. கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. அது கிட்டத்தட்ட ஒரு கணக்குப் பதிவியல் பிரச்சினை.

இரண்டு பேர் ஒரே வங்கியில் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மாதாமாதம் சம்பளம். இன்னொருவருக்கு வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தடவை லாட்டரி விழுந்தது, அதற்கப்புறம் பைசா வரவில்லை. முதல் மாதம் பாஸ் புத்தகத்தைப் பார்த்தால் லாட்டரிக்காரர் பணக்காரர். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் சம்பளக்காரர் எட்டிப் பிடித்திருப்பார்.

காமிராவுக்குள் நடப்பதும் இதுதான். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு நேரமும் பகல் வானம் வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அது சம்பளம். மின்னலின் ஒரு வீச்சு ஒரு விநாடியைப் பத்தாயிரம் பங்காகப் பிரித்தால் அதில் ஒன்றிரண்டு பங்குக்குள் தன் பெரும் வெளிச்சத்தைக் கொடுத்து முடித்துவிடும். அது லாட்டரி. ஷட்டரை அரை விநாடி திறந்து வைத்தாலும் அரை நிமிஷம் திறந்து வைத்தாலும் மின்னல் தருவது அதே தொகைதான். வானம் தருவதோ அறுபது மடங்காகிவிடும்.

ராத்திரியில் சம்பளமே கிடையாது. அதனால் ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஓவியர்கள் மின்னலை வளைத்து வளைத்து 'இசட்' மாதிரி வரைகிறார்களே, அது நிஜம்தானா என்று பார்க்கக் கிளம்பிய அமெரிக்கர் வில்லியம் நிக்கல்சன் ஜென்னிங்ஸ், பிலடெல்ஃபியாவில் 1882 செப்டம்பர் 2 அன்று எடுத்த புகழ்பெற்ற படமும் இப்படி இருட்டை நம்பி எடுத்ததுதான். (ஓவியர்கள் தப்பு என்று தெரிந்தது. ஆனாலும் இன்றைக்கும் மின்சாரக் கம்பத்தின் 'அபாயம்' பலகையில் அந்த இசட் போகவில்லை!)

இந்தக் கணக்கோடு பகலில் மோதுகிறவர்கள் அதிகம் கூடும் இடங்களில் ஒன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் கிராண்ட் கேன்யன். பாலைவன மாநிலத்தில் என்ன மின்னல் என்று கேட்கலாம். அங்கேயும் பருவமழை உண்டு, அதற்குப் பெயரும் 'மான்சூன்'தான். ஜூன் நடுவில் தொடங்கி செப்டம்பர் முடிய. தெற்கிலிருந்து ஈரக்காற்று வரும், காலையில் வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும், பன்னிரண்டு மணிக்கு ஒரு பஞ்சுப்பொதி தோன்றும், இரண்டு மணிக்கு அது மலையாகி இருண்டுவிடும். கேன்யன் பகுதியில் ஆண்டுக்குச் சராசரியாக 25,000 முறை மின்னல் இறங்குவதாகப் பூங்கா நிர்வாகமே சொல்கிறது. பள்ளத்தாக்கின் தென் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். வட விளிம்பு அதைவிட 300 மீட்டர் உயரம். இரண்டுக்கும் நடுவே சராசரியாக 16 கிலோமீட்டர் அகலம், ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஆழம். தென் விளிம்பில் ட்ரைபாடை ஊன்றிக்கொண்டு நின்றால் எதிரே வட விளிம்பின் மேல் மின்னல் இறங்குவது சினிமாஸ்கோப்பில் தெரியும். சிவப்புப் பாறை, சாய்ந்த வெயில், பின்னால் கருநீல மழைத் திரை, அதில் ஒரு வெள்ளைக் கோடு. இந்தப் படத்தை ராத்திரியில் எடுக்க முடியாது. ராத்திரியில் எடுத்தால் மின்னல் கிடைக்கும், கேன்யன் கிடைக்காது.

ஃபிலிம் காலத்தில் இதற்கு ஆன செலவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 ஐ.எஸ்.ஓ. ஃபிலிம், லென்ஸின் துவாரத்தை எஃப்/16 என்று சுருக்கியாகிவிட்டது. நல்ல வெயிலில் ஷட்டர் வேகம் நூறில் ஒரு விநாடி. இது ஃபிலிம் டப்பா அட்டையிலேயே போட்டிருந்த பழைய சூத்திரம். கனத்த மேகமூட்டத்தில் அதைப் போல எட்டு மடங்கு, அதாவது சுமாராகப் பன்னிரண்டில் ஒரு விநாடி. 36 படம் எடுக்கும் ஒரு ரோலை முழுசாகக் காலி செய்தாலும் காமிரா வானத்தைப் பார்த்திருந்த மொத்த நேரம் மூன்றே மூன்று விநாடி! ராத்திரிக்காரர் ஒரே படத்தில் அரை நிமிஷம் காத்திருக்கிறார். அதே அரை நிமிஷத்தைப் பகல்காரர் வாங்கப் பத்து ரோல் வேண்டும். பிறகு கழுவும் செலவு, அதில் ஒன்றிலாவது மின்னல் இருக்குமா என்ற பதைப்பு. எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு முதலீட்டுத் திட்டத்தை எடுத்துக்கொண்டு போனால் வங்கி மேனேஜர் எழுந்து கதவைக் காட்டுவார்.

லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டால் என்ன? போடலாம். எட்டில் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர் கடையில் கிடைக்கும். ஷட்டரை எட்டு மடங்கு நேரம் திறந்து வைக்கலாம், 360 படத்துக்குப் பதில் 45 படம் போதும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் விழும் குழி இதுதான். வானம் முன்பு இருந்த அதே அளவுக்கு வந்துவிடும், அதற்குத்தான் நேரத்தை எட்டு மடங்காக்கியாயிற்றே. மின்னலுக்கு யார் நேரம் கொடுப்பது? லாட்டரிப் பணத்தில் எட்டில் ஏழு பங்கு வரியாகப் போய்விட்டது. தூரத்து மின்னல் என்றால் மங்கிய வானத்தில் தலைமுடி விழுந்த மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். வாய்ப்பு கூடக் கூட மின்னல் மங்கும், மின்னல் பளிச்சிட வேண்டுமென்றால் வாய்ப்பு குறையும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதில்தான் ஒவ்வொருவரும் மாறுபடுகிறார்கள்.

சரி, கண்ணால் பார்த்தவுடன் பட்டனை அமுக்கினால்? கண் பார்த்து மூளை சொல்லி விரல் அழுத்த ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி ஆகும். அந்த நேரத்தில் முதல் வீச்சு முடிந்து போயிருக்கும். ஆனால் மின்னல் ஒரு சலுகை தருகிறது. ஒரே மின்னல் என்று தெரிவது பெரும்பாலும் ஒரே பாதையில் அடுத்தடுத்து மூன்று நான்கு முறை பாய்வது. மின்னல் துடிப்பதாகக் கண்ணுக்குத் தெரிவது அதனால்தான். இந்த இடைவெளியில்தான் 'ட்ரிக்கர்' என்ற சின்னப் பெட்டி பிழைப்பு நடத்துகிறது. காமிராவின் தலையில் உட்கார்ந்துகொண்டு, வெளிச்சம் திடீரென்று ஏறியதும் ஷட்டரைத் தட்டிவிடும். மனிதனுக்கு ஆகும் தாமதம் அதற்குக் கிடையாது. காமிராவின் சொந்தத் தாமதம் மட்டும்தான், நல்ல காமிராவில் அது ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். முதல் வீச்சு தப்பினாலும் இரண்டாவதோ மூன்றாவதோ மாட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வேர் மாதிரிக் கிளை பிரிந்து தெரிகிறதே, அந்தக் கிளைகள் முதல் வீச்சில்தான் ஒளிரும். அடுத்து வருபவை ஏற்கெனவே போட்ட ரோட்டில் நேராக இறங்கிவிடும், சந்து பொந்தில் நுழையாது. அதனால் ட்ரிக்கர் பிடித்த பகல் மின்னல் பலவும் கிளையில்லாத மொட்டைக் கம்பியாக இருக்கும். கிளை கிளையாக விரிந்த ஒரு பகல் மின்னல் படத்தைப் பார்த்தால், எடுத்தவருக்கு அன்றைக்கு நல்ல நேரம் என்று எடுத்துக்கொள்ளலாம். மேகத்துக்குள் முன்கூட்டியே நடந்த மினுமினுப்பு ட்ரிக்கரை உசுப்பி விட்டிருக்கலாம், அல்லது ஷட்டர் தற்செயலாகத் திறந்திருந்திருக்கலாம்.

இப்போது டிஜிட்டலில் அந்த நல்ல நேரத்தையும் விலைக்கு வாங்கலாம். 2016-இல் வந்த ஒலிம்பஸ் ஈ-எம்1 மார்க் 2 மாதிரியான காமிராக்கள், பட்டனை முழுசாக அழுத்துவதற்கு முந்தைய சில படங்களையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்கின்றன. மின்னல் போன பிறகு அழுத்தினாலும் மின்னல் உள்ளே இருக்கும். ரோல் செலவும் இல்லை, ஆயிரம் படம் எடுத்து 999-ஐ அழித்துவிடலாம். பத்து ரோல் காலி செய்து ஒரு படம் தேற்றியவர்களுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும். நியாயம்தான்.

இதே தலைவலி விஞ்ஞானிகளுக்கும் இருந்தது. அவர்களுடைய காமிரா நின்றது விண்வெளியில். மேலேயிருந்து பார்த்தால் பகல் மேகம் வெயிலில் வெள்ளை வெளேரென்று ஜொலிக்கும், அதற்குள் மின்னலை எங்கே தேடுவது? 1995-இல் நாசா அனுப்பிய ஓ.டி.டி. என்ற கருவி மூன்று தந்திரம் செய்தது. மின்னலில் சூடேறிய ஆக்சிஜன் அணு வெளியிடும் 777.4 நானோமீட்டர் என்ற ஒரே ஒரு அகச்சிவப்பு அலைநீளத்தை மட்டும் உள்ளே விட்டது. ஒவ்வொரு படத்தையும் 2 மில்லி விநாடியில் முடித்துக்கொண்டது, சம்பளம் சேரவே விடவில்லை. அப்புறம் முந்தைய படங்களிலிருந்து மேகத்தின் வெளிச்சத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தது. 1925-இல் போட்ட ஒரு மதிப்பீட்டை வைத்துக்கொண்டு, உலகத்தில் விநாடிக்கு 100 மின்னல் என்று பாடப்புத்தகங்கள் காலம் காலமாக எழுதிவந்தன. பகலையும் சேர்த்து எண்ணிய பிறகு வந்த விடை விநாடிக்குச் சுமார் 44. பாதிக்கும் குறைவு! தணிக்கை செய்தால் பல கணக்குகள் இப்படித்தான் இளைத்துப் போகும்.

மறுபடி தென் விளிம்புக்கு வருவோம். அங்கே நிற்பவரிடம் இந்த லாட்டரிக் கணக்கைத் தவிர இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது அவருக்குத் தெரிவதில்லை.

எதிர் விளிம்பு 16 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதால் மின்னல் 'அங்கே' அடிக்கிறது என்று தோன்றும். மழை பெய்யும் இடத்திலிருந்து 16 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் விழும் என்று அமெரிக்க வானிலைத் துறை எச்சரிக்கிறது. இரண்டும் ஒரே எண் என்பதைக் கவனியுங்கள். இடிச்சத்தம் கேட்கும் தூரமும் சுமாராக அவ்வளவுதான், காற்று வாக்கில்லாவிட்டால் அதுவும் கேட்காது. தலைக்கு மேல் வெயில் அடிக்கும், எதிரே சத்தமில்லாமல் மின்னல் இறங்கும், நிற்பவர் இருப்பதோ அந்த வட்டாரத்திலேயே மேடான மொட்டை விளிம்பு. ராத்திரி என்றால் இருட்டே ஒரு பயத்தைக் கொடுக்கும். பகல் வெளிச்சம் அந்தப் பயத்தையும் பிடுங்கிக்கொள்கிறது. பிக்னிக் வந்த குடும்பங்கள், ஐஸ்கிரீம் சாப்பிடும் குழந்தைகள், இரும்புக் கம்பி வேலியில் சாய்ந்தபடி கிளிக் கிளிக்.

கூடவே இன்னொரு வியாதி. முதலாம் ஆண்டுப் பொருளாதாரத்திலேயே 'மூழ்கிய செலவு' என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். திரும்ப வராத செலவை அடுத்த முடிவில் சேர்க்கக் கூடாது என்பதுதான் பாடம். பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதிவிட்டு, மோசமான படத்துக்கு டிக்கெட் வாங்கியாயிற்றே என்று கடைசி வரை உட்கார்ந்திருப்பார்கள். விளிம்பில் மூன்று மணி நேரமாக நிற்கும் புகைப்படக்காரரின் நிலைமையும் அதுதான். 400 படம் எடுத்தாயிற்று, ஒன்றிலும் மின்னல் இல்லை. மேகம் கிட்டே வருகிறது. கிட்டே வரவர மின்னல் பெரிதாகத் தெரிகிறது, ஃபில்டரின் வரி போக மிச்சமே தாராளமாக இருக்கிறது. படம் கிடைக்கும் வாய்ப்பும் ஆள் போகும் வாய்ப்பும் ஒரே மேகத்தில் ஏறி வருகின்றன. இன்னும் அஞ்சே நிமிஷம் என்று நினைக்காதவர் யார்?

மின்னல் வெட்டுக்கும் இடிச்சத்தத்துக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக எண்ணினால் உள்ளே போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று விநாடி, ஆகவே 30 விநாடி என்பது 10 கிலோமீட்டர். உள்ளே என்றால் கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய கார். (காரின் டயர் ரப்பர்தான் காப்பாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். காப்பாற்றுவது சுற்றியிருக்கும் உலோகக் கூடு.) ட்ரிக்கர் பெட்டியின் உண்மையான லாபம் இங்கேதான். காமிராவுக்கு ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி வெளியே நிறுத்திவிட்டு ஆள் காருக்குள் உட்காரலாம். நனைந்தாலும் காமிராவுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்கும். ட்ரிக்கர் வாங்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும். வேகம், தாமதம் எல்லாம் இரண்டாம் பட்சம். ஆனால் ட்ரிக்கரை மாட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு நிற்பவர்களும் இருக்கிறார்கள், என்ன செய்ய?

பகல் மின்னல் படங்களில் மிகப் பிரபலமான ஒன்றில் மின்னலே இல்லை. 1975 ஆகஸ்ட் 20, கலிஃபோர்னியாவின் செக்கோயா தேசியப் பூங்காவில் இருக்கும் மோரோ ராக் என்ற மொட்டைப் பாறை. அண்ணன், தம்பி, சகோதரி என்று சில இளைஞர்கள் உச்சிக்கு ஏறியிருந்தார்கள். அண்ணனுக்கு 18 வயது, தம்பிக்கு 12. திடீரென்று எல்லோருடைய தலைமுடியும் நட்டுக்குத்தாக எழுந்து நின்றது. அவர்களுக்கு அது வேடிக்கை. சிரித்துக்கொண்டே ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டார்கள். கையைத் தூக்கினால் மோதிரம் ரீங்கரித்தது. அதையும் ரசித்தார்கள். சட்டென்று குளிர்ந்து ஆலங்கட்டி விழ ஆரம்பித்ததும் கீழே இறங்கத் தொடங்கினார்கள். அப்போது விழுந்தது. தம்பி சுருண்டு விழுந்தான், முதுகிலிருந்து புகை. அண்ணன் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினான், தம்பி பலத்த தீக்காயங்களோடு பிழைத்தான். அருகில் இருந்த வேறொருவர் அன்றே இறந்து போனார்.

அந்தப் படத்தில் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். பின்னால் நல்ல பகல் வெளிச்சம், முடி மட்டும் முள்ளம்பன்றி. முடி எழுந்து நின்றதற்கு அர்த்தம், பாறையில் சேர்ந்த மின்னூட்டம் அவர்கள் உடம்பு வழியாக மேகத்தை நோக்கிக் கை நீட்டிக்கொண்டிருந்தது என்பது. மின்னல் பாதுகாப்புப் பாடங்களில் இன்றைக்கும் அந்தப் படத்தைக் காட்டுகிறார்கள். எந்த ஷட்டர் கணக்கும் தெரியாமல், சாதாரணக் காமிராவில் எடுத்த படம் அது.

கிராண்ட் கேன்யனில் ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. வட விளிம்பில் கிராண்ட் கேன்யன் லாட்ஜ் என்று கல்லும் மரமுமாகக் கட்டிய ஒரு விடுதி இருந்தது. 1928-இல் கட்டி, 1932-இல் எரிந்து, 1937-இல் மறுபடி எழுந்தது. அதன் வராந்தாவில் வரிசையாக நாற்காலி போட்டிருக்கும். தெற்கே பள்ளத்தாக்கு முழுசும் தெரியும், இங்கிருப்பவர்கள் அங்கே அடிக்கும் மின்னலைப் பார்க்கலாம். 2025 ஜூலை 4 அன்று வட விளிம்பில் ஒரு மின்னல் விழுந்து காட்டில் தீப்பிடித்தது. முதலில் சின்னத் தீதான். ஒரு வாரம் கழித்துக் காற்று மாறி, ஜூலை 12 இரவு லாட்ஜுக்குள் புகுந்தது. விடியும்போது கல் சுவர்கள் மட்டும் நின்றன. அணைவதற்குள் 1,40,000 ஏக்கருக்கும் மேல் எரிந்துவிட்டது.

தென் விளிம்பு அப்போதும் திறந்துதான் இருந்தது. பருவமழை மேகத்தை எதிர்பார்த்து ட்ரைபாடோடு வந்தவர்களுக்கு எதிரே தெரிந்தது வானம் முட்ட எழும்பிய புகை. அதை எடுக்க ட்ரிக்கர் வேண்டாம், ஃபில்டர் வேண்டாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று நிதானமாக எடுக்கலாம். போட்டோவுக்குப் புகைப்படம் என்று தமிழில் பெயர் வைத்தவர் இதை நினைத்திருக்க மாட்டார்.